முப்பது நொடி வாசல்

மேப்பிள் தெருத் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் வாசலில் நிற்பவர் ஆர்வில் கிளைன்ஹான்ஸ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கதவைத் திறப்பார், கை குலுக்குவார், "வாங்க, உள்ள இடம் இருக்கு" என்பார், வழிபாட்டுத் தாளைக் கொடுப்பார். சிரித்த முகமாக இருப்பார். வாசலில் நிற்பவர் சிரிக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் பதினோராவது கட்டளை. மற்ற பத்தைவிட இது கொஞ்சம் கறாராகக் கடைப்பிடிக்கப்பட்டது.

ஒரு ஞாயிறு அவருடைய மகன் வேட், ரஸ் என்கிற இளைஞனோடு வழிபாட்டுக்கு வந்தான். இருவரும் கை கோத்திருந்தார்கள். மூப்பர் ஒருவர் ஓடிவந்து ஆர்வில் காதில் ஏதோ சொன்னார். ஆர்வில் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. முகம் மட்டும் பழக்கத்தில் சிரித்தபடி இருந்தது. வேட் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இருவரும் காருக்குத் திரும்பிப் போனார்கள்.

அதன்பின் வேட் அந்தப் பக்கம் வரவில்லை. தாய் இறந்தபோது கல்லறைக்கு மட்டும் வந்தான். பெட்டி குழிக்குள் இறங்கியதும், கூடத்தில் காப்பி ஊற்றுவதற்குள் கிளம்பிவிட்டான்.

காலம் போயிற்று. மூப்பர்கள் மனம் மாறவில்லை, இறந்துபோனார்கள். ஒஹாயோ மாநிலத் தேவாலயங்களில் சீர்திருத்தம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். மார்னி டட்டில் என்ற பெண்மணி போதகராக வந்தார். சபை கூடி விவாதித்தது, கோழிச் சோறு சாப்பிட்டது, மறுபடி விவாதித்தது, எல்லோரையும் வரவேற்பது என்று வாக்களித்தது. பக்கத்து ஊரிலிருந்து லைலும் பெர்னியும் வந்து சேர்ந்தார்கள். பல வருடங்களாக ஒரே வீட்டில் வாழ்ந்து தலை நரைத்த இருவர். பாடகர் குழுவுக்கு நெடுநாளாகக் கிடைக்காத அடிக்குரல் பெர்னியிடம் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டிருந்த சிலரும் அதோடு அடங்கினார்கள்.

ஆர்வில் கொலம்பஸில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தார். செய்தியைப் பதிவு செய்யும் இயந்திரம் எடுத்தது. வாசலில் நிற்பவருக்குத் தெரிந்த வாக்கியம் ஒன்றுதான். அதை இயந்திரத்திடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வைத்துவிட்டார். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கு அடுத்த மாதமும்.

அந்த வருடம்தான் தலைமைச் சபை நாடு முழுவதும் காட்ட ஒரு தொலைக்காட்சி விளம்பரம் எடுக்க முடிவுசெய்தது. வாசல் அழகாக இருந்ததால் மேப்பிள் தெருவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்வில் கதவைத் திறக்கிறார். சக்கர நாற்காலியில் ஒரு பெண் வருகிறாள். அழுகிற குழந்தையோடு ஒரு தாய். டை கட்டிய ஒரு கறுப்பினப் பெரியவர். கடைசியில் லைல், பெர்னியின் தோளில் கை போட்டபடி. ஆர்வில் கேமராவைப் பார்த்து, "வாங்க, உள்ள இடம் இருக்கு" என்கிறார். முப்பது நொடி. அவ்வளவுதான்.

நவம்பரில் நன்றித் திருநாளன்று ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் நடுவில் அதைப் போடுவது என்று ஏற்பாடு. அந்த ஆட்டத்தை வேட் ஐந்து வயதிலிருந்து தவறவிட்டதில்லை.

"என் பையன் பார்ப்பான் பாஸ்டர்," என்றார் ஆர்வில். "போனை எடுக்காட்டியும் டிவியை அணைக்க மாட்டான். இத அவன்கிட்ட நான் சொல்றதா நெனச்சுக்குவான்ல?"

"அவர்கிட்டத்தானே சொல்றீங்க," என்றார் மார்னி.

தொலைக்காட்சி நிறுவனம் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பியது. கூடவே, பேசித் தீர்க்கலாம் என்று நியூயார்க்குக்கு அழைத்தது. வாசலில் நிற்பவராக வருகிறவர் நிஜமாகவே வாசலில் நிற்பவர்தானா என்று உறுதிசெய்ய வேண்டும், பார்வையாளர்களை ஏமாற்றுவது எங்கள் வழக்கமல்ல, ஆகவே அவரையும் அழைத்து வரவும் என்றது.

காத்திருக்கும் அறையில் அந்த நிறுவனத்தின் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத இருபது ஆண்களில் ஒருவனைக் கணவனாகத் தேர்ந்தெடுக்க ஒரு பெண் அவர்களை ஒவ்வொருவராக முத்தமிட்டுப் பார்த்தாள். இடையில் ஆண்மைக்கான மாத்திரை விளம்பரம் வந்தது. விளைவு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கும்படி ஒரு கனிவான குரல் சொன்னது. ஆர்வில் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒளிபரப்பு நெறிப் பிரிவின் துணைத் தலைவர் விட்லாக் சேயர் கதவுவரை வந்து கை குலுக்கினார். அவர் கைகுலுக்கிய விதத்தில் குறை சொல்ல ஆர்விலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சட்டப் பிரிவிலிருந்து மிஸ் டெலஃபீல்ட் வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் சேயர். "எங்களுக்கு யார் மேலயும் வெறுப்பு கெடையாது. எங்க புதன்கிழமை சீரியல்ல அந்த மாதிரி ரெண்டு பேர் இருக்காங்க. நாடே அவங்களப் பாத்துச் சிரிக்குது."

"எங்க விளம்பரத்துல சிரிப்பு ஒண்ணும் இல்லையே," என்றார் மார்னி.

"அதாங்க பிரச்சினை. சிரிக்க முடியலன்னா அவங்கள வெச்சு என்ன பண்றதுன்னு ஜனங்களுக்குத் தெரியாது."

மிஸ் டெலஃபீல்ட் கண்ணாடியைச் சரிசெய்தார். "நாட்டுல இப்போ கல்யாணத்தப் பத்தி ஒரு விவாதம் ஓடுது. அரசியல் சட்டத்தையே திருத்தணுங்கிறாங்க. விவாதத்துல இருக்கிற விஷயத்துல நாங்க விளம்பரம் வாங்கறதில்ல."

"இதுல கல்யாணமே இல்லையே."

"இல்லைன்னு அழுத்திச் சொல்ற மாதிரி இருக்கு."

ஆர்வில் மார்னியைப் பார்த்தார். மார்னி மேசையைப் பார்த்தார்.

"அதவிட முக்கியம்," என்றார் டெலஃபீல்ட், "எல்லாரும் வாங்கன்னு நீங்க சொல்றீங்க. அப்போ வேற எங்கயோ எல்லாரையும் வரச் சொல்லலன்னு ஆகுது. அது மத்த சபைகள் மேல தாக்குதல்."

"எந்தச் சபையையும் பேர் சொல்லலையே," என்றார் மார்னி.

"அது இன்னும் மோசம். ஒவ்வொருத்தரும் தன்னத்தான்னு நெனைச்சுக்குவாங்க."

"அங்கல்லாம் வரச் சொல்லலதானே," என்றார் ஆர்வில்.

அதுவரை ஒவ்வொரு சொல்லையும் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள்.

"மிஸ்டர் கிளைன்ஹான்ஸ் ரொம்ப யதார்த்தமானவர்," என்றார் சேயர் அன்போடு. "நிஜமாவே வாசல்ல நிக்கிறவர்தான். அதுல எங்களுக்குத் திருப்தி."

பிறகு திரையில் விளம்பரத்தை ஓட்டி, லைல் தோளில் கை போடும் இடத்தில் நிறுத்தினார். ஒரு நீளமான மர அளவுகோலை எடுத்துத் திரைமேல் வைத்தார்.

"இங்கதான் இடிக்குது. ரெண்டு பேருக்கும் நடுவுல எடமே இல்ல."

"கை போட்டிருக்காங்க," என்றார் ஆர்வில். "கை போட்டா எடம் இருக்காது."

"கொஞ்சம் தள்ளி நிக்கலாமே. இல்லன்னா நடுவுல ஒரு நாய் வைக்கலாம். நாய்னா எல்லாருக்கும் புடிக்கும்."

"கால்பந்துல ஒருத்தன் புட்டத்துல ஒருத்தன் தட்டிக் கொடுக்கறாங்களே," என்றார் ஆர்வில். வாதத்துக்காக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அவங்க தலைக்கவசம் போட்டிருக்காங்க," என்றார் சேயர்.

மிஸ் டெலஃபீல்ட் அதை ஏற்றுத் தலையசைத்தார். வேண்டுமானால் லைலும் பெர்னியும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வரலாம், நிறுவனம் அதைத் திறந்த மனதோடு பரிசீலிக்கும் என்றார்.

ஊருக்குத் திரும்பி மார்னி இதைச் சொன்னபோது பாடகர் குழு பயிற்சியில் இருந்தது.

"நாய் வேணுமா?" என்றார் பெர்னி. "நாங்க ரெண்டு பேரும் மொத மொதல்ல சந்திச்சப்பகூட இவ்வளவு தள்ளி நின்னதில்லையே."

"நீ அன்னைக்கு என் கால மிதிச்ச," என்றார் லைல்.

"தெரியாம மிதிச்சேன்னு இன்னும் நம்பறாரு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்வில் மட்டும், "நாய்க்கு ஒத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டார். சிரிப்பு நின்றது. பெர்னி அவரைப் பார்த்தார். வேட் விஷயம் அந்தச் சபையில் எல்லோருக்கும் தெரியும்.

"வெட்டட்டும் ஆர்வில்," என்றார் பெர்னி. "நாங்க வர்ற துண்டையே வெட்டட்டும். உங்க பையன் உங்களப் பாக்கணும். எங்கள எதுக்குப் பாக்கணும்?"

லைலும் பெர்னியும் வெட்டப்பட்டார்கள். நிறுவனம் நன்றி தெரிவித்தது. ஆனால் இப்போது ஒரு புதுச் சிக்கல் என்றது. அந்த இருவர் இல்லாதபோது, மீதி உள்ளவர்களை வரவேற்பதில் என்ன செய்தி இருக்கிறது என்று பார்வையாளர்கள் யோசிப்பார்கள். யோசித்தால் அந்த இருவரிடமே போய் நிற்பார்கள்.

ஆகவே சோதனைக் காட்சி நடத்தினார்கள். ஒரு பேரங்காடியின் மாடியில் வழிப்போக்கர்களை உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, விளம்பரத்தைக் காட்டி, என்ன தோன்றியது என்று கேட்டார்கள். முடிவை சேயர் போனில் சொன்னார். மார்னி போதகர் அறையில் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டிருந்தார்.

"நெறைய பேருக்கு ஒண்ணும் தோணல. அருமையான ரிசல்ட். ஆனா ஒரு அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"என்ன ஆச்சு?"

"கண்ணு கலங்கிட்டாங்க."

"நல்லதுதானே?"

"பாஸ்டர், அது கால்பந்தாட்டம். ஜனங்க வான்கோழி சாப்பிட்டுட்டு உக்காந்திருப்பாங்க. அந்த நேரத்துல ஒருத்தருக்கு ஏதாவது தோணினா, அடுத்து வர்ற பீர் விளம்பரக்காரருக்கு நாங்க என்ன பதில் சொல்றது?"

அந்தப் பெண்மணி கலங்கியது சக்கர நாற்காலியைப் பார்த்தா, குழந்தையைப் பார்த்தா என்பதைக் கண்டறிய முடியவில்லை. இரண்டையும் எடுத்தார்கள். டை கட்டிய பெரியவர் தனியாக உள்ளே போவது வேறொரு விவாதத்தைக் கிளப்பும் என்று மிஸ் டெலஃபீல்ட் கருதினார். அவரையும் எடுத்தார்கள்.

பாக்கி இருந்தது ஆர்வில், திறந்த கதவு, அந்த ஒரு வாக்கியம்.

வாக்கியத்துக்குச் சமநிலை வேண்டும் என்றார்கள். ஒருவர் "வாங்க" என்று சொன்னால், மாற்றுக் கருத்துடைய ஒருவர் அதே அளவு நேரம் "வராதீங்க" என்று சொல்ல வாய்ப்புத் தரப்பட வேண்டும். நிறுவனத்திடம் இதற்கென்றே ஒரு நடிகர் இருந்தார். நல்ல குரல்.

"வராதீங்கன்னு சொல்ற சபைங்க ஞாயித்துக்கிழமை காலைல உங்க சேனல்லயே சொல்றாங்களே," என்றார் மார்னி. "அதுக்குச் சமநிலை எங்க போச்சு?"

"அது மதம். இது விளம்பரம்," என்றது டெலஃபீல்டின் குரல்.

வாக்கியமும் போயிற்று. கடைசியில் கதவு.

"தெறந்திருக்கிற கதவு ஒரு கருத்து, பாஸ்டர்," என்றார் சேயர். தன் வேலையின் நுட்பத்தை விளக்கக் கிடைத்த வாய்ப்பில் அவர் குரல் கனிந்தது. "யாரு தெறந்தா, எதுக்குத் தெறந்தா, முன்னாடி யாரு சாத்தியிருந்தான்னு கேள்வி வரும். சாத்தின கதவு அப்படியில்ல. சாத்தின கதவு நடுநிலை. அது யாரையும் எதுவும் கேக்காது. பதினெட்டு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். சாத்தின கதவப் பத்தி ஒரே ஒரு புகார்கூட வந்ததில்ல."

சாத்திய கதவோடு ஒரு காட்சி அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன், வெளிச்சம் பார்ப்பதற்காகக் கேமராமேன் ஆர்விலைக் கதவின் முன்னால் நிறுத்திச் சிரிக்கச் சொல்லியிருந்தான். அவரும் வெகுநேரம் சிரித்தார். அந்தத் துண்டில் ஆட்சேபிக்க ஒன்றுமே இல்லை. நிறுவனத்தின் கமிட்டி அதை இரண்டு முறை பார்த்து ஒருமனதாக ஏற்றுக்கொண்டதாம்.

மார்னி ஒலிபெருக்கியை அணைத்தார். "போதும் ஆர்வில். தலைமைச் சபைகிட்ட வாபஸ் வாங்கச் சொல்லப்போறேன். இதப் போடறதுக்குப் போடாமலே இருக்கலாம்."

"என் மொகம் இருக்கா அதுல?"

"உங்க மொகம் மட்டும்தான் இருக்கு."

"தெளிவாத் தெரியுமா?"

"தெரியும். ஆனா ஆர்வில், கதவு..."

"பாஸ்டர்." அவர் தொப்பியைக் கையில் சுருட்டினார். சபையிடம் எதையும் கேட்டுப் பழகாத மனிதர். "அவன் என் மொகத்தப் பாத்தே ரொம்ப நாளாச்சு. பாத்தா போதும். நான் என்ன சொல்ல வர்றேன்னு அவனுக்குத் தெரியும். என் பையன் பாஸ்டர்."

மார்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தலைமைச் சபைக்குப் போன் செய்து, மேப்பிள் தெருவுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

ஆர்விலை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. வாழ்நாளெல்லாம் அந்தக் கதவின் வெளியில் நின்றவர். சாத்திய கதவு அவர் கண்ணுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் திறக்கப்போகும் கதவு. திறக்கப்போவது அவரேதான். வேறு விதமாக அவர் அதைப் பார்த்ததில்லை.

நன்றித் திருநாளன்று தேவாலயத்தின் கீழ்க் கூடத்தில் சபை விருந்து. வான்கோழி, கிரேன்பெர்ரி, யாரும் தொடாத பச்சை ஜெல்லி. சக்கர மேசையில் டிவியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆர்வில் சவரம் செய்து கோட் போட்டு வந்திருந்தார், மகன் பார்க்கப்போவது அவரை அந்தக் கோட்டில் அல்ல என்றாலும். எல்லோரும் அவருக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள்.

திரையில் ஒருவன் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். அவன்மேல் ஆறு பேர் விழுந்து கட்டிப்பிடித்து உருண்டார்கள். தலைக்கவசம் போட்டிருந்தார்கள். பீர் விளம்பரம் வந்தது. மாத்திரை விளம்பரம் வந்தது.

பிறகு ஆர்வில் வந்தார்.

கதவு சாத்தியிருந்தது. அவர் அதன் முன்னால் நின்றார். சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தார். மெல்லிய பியானோ ஒலித்தது. கீழே சபையின் பெயர் வந்து மறைந்தது. அப்போதும் அவர் நின்றார், அப்போதும் சிரித்தார், யாரோ எதிரில் வந்து நிற்பதுபோல, அந்த ஆள் தானாகத் திரும்பிப் போகட்டும் என்று காத்திருப்பதுபோல.

பத்தாவது நொடியிலோ பதினைந்தாவதிலோ ஆர்வில் தன் கதவை வாசல் படிக்கட்டின் கீழிருந்து, இரண்டு பேர் கை கோத்து நின்ற இடத்திலிருந்து, முதல்முறையாகப் பார்த்தார்.

எழுந்தார். நாற்காலி சாய்ந்தது.

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க ஆர்வில்," என்றார் பெர்னி, மிகத் தாழ்ந்த குரலில்.

ஆர்வில் வீட்டுக்கு நடந்தார். கோட்டைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. மறுமுனையில் ஆட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"நான் வேட்."

"வேட்," என்றார் ஆர்வில். "பாத்தியா?"

"பாத்தேன். ரஸ்ஸும் பாத்தான்." கூட்டம் எதற்கோ ஆர்ப்பரித்தது. அது அடங்கியதும் வேட் தொடர்ந்தான். "மாசாமாசம் போன் வருது. இயந்திரத்துல கேட்டா மூச்சுச் சத்தம் மட்டும் பதிவாயிருக்கு. நீங்கதான்னு ரஸ் சொல்லுவான். நான் நம்பல. இன்னைக்கு உங்க மொகம் வந்ததும் அவன் சொன்னான், 'இப்ப தெறக்கப் போறாரு பாரு'ன்னு. கடைசிவரைக்கும் சொல்லிட்டே இருந்தான்."

"வேட், அது தெறந்திருந்துச்சுடா. அவங்க..."

"இன்னும் அங்கயேதான் நிக்கிறீங்களாப்பா?"

போன் வைக்கப்பட்டது.

"வாங்க," என்றார் ஆர்வில். "உள்ள இடம் இருக்கு." வெறும் ரீங்காரத்திடம் சொன்னார். இந்த முறை வெட்கமாக இல்லை.

உடனே திருப்பி அழைத்தார். இயந்திரம் எடுத்தது. மறுநாள் அழைத்தபோது அந்த எண் மாற்றப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது.

திங்கட்கிழமை விட்லாக் சேயர் அழைத்தார். குரலில் உற்சாகம் பொங்கியது.

"மிஸ்டர் கிளைன்ஹான்ஸ்! உங்களுக்கு நானே சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். நாடு முழுக்க ஒரு புகார்கூட இல்ல. பீருக்கு வந்துச்சு, மாத்திரைக்கு வந்துச்சு, உங்களுக்கு வரல."

"ஒண்ணு வந்துச்சு," என்றார் ஆர்வில்.

"எங்களுக்கா?"

"எனக்கு. வீட்டுக்கு."

"ஓ." சேயர் நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்போ அது எங்க கணக்குல வராது. கேளுங்க, கமிட்டிக்கு ரொம்பத் திருப்தி. மதப் பிரிவுல இதுதான் முன்மாதிரின்னு மத்த சபைங்களுக்குக் காட்டப் போறோம். கிறிஸ்துமஸ் வரைக்கும் தெனமும் போடறதா முடிவு. எங்க செலவுல, சமூக சேவையா."

ஆர்வில் கேட்டார்:

"கடைசியில, ஒரே ஒரு நொடி, கதவத் தெறக்கற மாதிரி காட்ட முடியுமா?"

"நல்ல கேள்வி. நிச்சயமா எடுத்து வைக்கிறேன். வசந்தத்துல கமிட்டி கூடும்." சேயரின் குரலில் நிஜமான பரிவு இருந்தது. "அதுவரைக்கும் நீங்க அங்கயே நில்லுங்க. ரொம்ப நல்லா நிக்கிறீங்க."